சவரிமுத்து மூன்று முறை இறங்கினார்

என்னைப் பற்றி இதுவரை அச்சில் வந்ததையெல்லாம் சேர்த்தால் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். "செய்திப்படம் எடுப்பவர், சட்டசபை உறுப்பினர் குணவதி அம்மாளின் கணவர்." சில பத்திரிகைகள் இடம் போதாமல் முதல் பாதியை வெட்டிவிட்டன. எனக்கு வருத்தமில்லை. படத்தை வெட்டிப் பிழைத்தவனுக்கு எதை வெட்டலாம் என்று தெரியும்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் பழைய செய்திப்படப் பிரிவிலிருந்து மூன்று இளைஞர்கள் செஞ்சிக்கு வந்தார்கள். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள், இந்த ஊரில் இடிந்தது இன்னொன்றும் இருக்கிறதே என்று என்னையும் பார்த்தார்கள். இப்போது ஃபிலிமுக்குப் பஞ்சமில்லையாம். ஆனாலும் கிராமத்து ஜனங்கள் கேமராவைக் கண்டதும் கல்லாகிவிடுகிறார்களாம். "நீங்க வெறும் கேமராவை ஓட்டி அவங்களைப் பழக்குவீங்களாமே சார், அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் கேட்டது இதுதானா என்பது சந்தேகம்.

நான் தொழிலுக்கு வந்த கதை சிறியது. பி.ஏ. வரை இலக்கியம் படித்தேன். அதற்கு யாரும் வேலை தரவில்லை. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். புராணப் படங்களில் தேவர்கள் மேகத்தின்மேல் நிற்கும்போது கீழேயிருந்து புகை ஊதுவது என் வேலை. நான்கு வருஷம் ஊதினேன். பிறகு கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன். யுத்தம் வந்தது, செய்திப்படப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள்.

குணவதி மேல்சித்தாமூர் நயினார் வீட்டுப் பெண். மணிலாக்கொட்டை வியாபாரக் குடும்பம். கல்யாணத்தின்போது அவளுக்கு அரசியல் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்குத் துணிச்சல் இல்லாதது அவளுக்குத் தெரியாது. யுத்தத்தின் நடுவில் அவள் வேலூர்ச் சிறையில் ஒன்பது மாதம் இருந்தாள். நான் அப்போது, குண்டு விழுந்தால் பதுங்குகுழியில் எப்படி ஒளிவது என்று அரசாங்கத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குச் சம்பளமும் இன்னொருவருக்குச் சாப்பாடும் ஒரே அரசாங்கம் போட்டது. சிறைக்குப் பார்க்கப் போனபோது கேட்டாள்:

"இப்ப என்ன படம் எடுக்கிறீங்க?"

"குண்டு விழுந்தா எங்க ஒளியறதுன்னு."

"அதுக்குத்தான் சரியான ஆளைப் பிடிச்சிருக்காங்க."

யுத்தம் முடிந்து தேர்தல் வந்தது. குணவதி ஜெயித்தாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது எங்கள் சமண வீட்டு வழக்கம். ஆகவே அவள் கூட்டங்கள் ஐந்து மணிக்கு முடிந்துவிடும். நீளமாகப் பேசாத அரசியல்வாதி என்று ஜில்லாவில் பேர் வாங்கினாள். காரணம் வயிறு.

எங்கள் பிரிவின் தலைவர் ஜகந்நாத ராவ். குள்ளமான, சலவை மணக்கும் மனிதர். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலையைக் கெடுத்தவனை அறைக்குக் கூப்பிடுவார், நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார், "ரொம்ப நன்றி ஸார்" என்பார். அவ்வளவுதான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர்கள் உண்டு.

எங்களிடம் இருந்தது சாவி கொடுத்தால் ஓடுகிற கைக்கேமரா. குரல் அதில் ஏறாது. பேச்சைப் பிற்பாடு சென்னையில் யாராவது வாசித்துச் சேர்ப்பார்கள். நூறடிச் சுருள் ஒன்று, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். சுருளை மாற்ற இரண்டு கைகள் நுழைகிற கறுப்புப் பை. கைகளை உள்ளே விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலால் தடவி மாட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கோழிக்கூண்டில் முட்டை தேடுகிற மாதிரி இருக்கும். ஃபிலிம் கப்பலில் வர வேண்டும். யுத்தம் முடிந்தும் கப்பல் வந்தபாடில்லை.

நம் ஜனங்களுக்கோ கேமரா என்றால் போட்டோதான். கண்டதும் மூச்சைப் பிடித்து, கைகளைத் தொடையோடு ஒட்டி நிற்பார்கள். ஏர் ஓட்டுகிறவர் மாட்டையும் நிறுத்திவிடுவார். அவர்கள் அசைகிற வரை காத்திருக்க ஃபிலிம் ஏது? ராவ் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் சுருள் போடாமல் கேமராவை ஓட்டு. சத்தம் ஒன்றுதான். அவர்கள் அலுத்துப்போய்த் தங்கள் வேலையைப் பார்க்க ஆரம்பிக்கும்வரை ஓட்டு. பிறகு ஓரமாகப் போய்ச் சுருளை மாட்டிக்கொண்டு வா. இதற்கு நாங்கள் "வெறும் ஓட்டம்" என்று பேர் வைத்தோம்.

கூடவே ராவ் ஒரு சட்டமும் வைத்திருந்தார். "யாரை வெறும் கேமராவால் எடுத்தீர்களோ, அவரை அன்றைக்கே ஃபிலிமிலும் எடுத்துவிட வேண்டும் ஸார். எடுத்தால் அது பயிற்சி. எடுக்காவிட்டால் பொய்."

முன்பாதியை நாங்கள் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொண்டோம். மிராசுதார் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றால், ஒரு வெறும் ஓட்டம். அவருக்குச் சந்தோஷம், எங்களுக்கு ஃபிலிம் மிச்சம். தென்னாற்காட்டில் பாதிப் பெரிய மனிதர்களை நான் காற்றில் படம் எடுத்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த இளநீர் மட்டும் நிஜம்.

சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம், புரட்டாசியில், ஒரு மந்திரி செஞ்சிக்கு வருவதாக ஏற்பாடு. அவரை வரவழைத்தவள் குணவதி. கோட்டையைக் காட்ட அல்ல. ஓர் ஏரியைக் காட்ட.

வல்லத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம், அவர்கள் என்னை மரியாதையாக நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் ஏரியின் மதகில், தண்ணீருக்கு அடியில், கல் விலகி ஓர் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் புகுந்து கரையை உள்ளேயிருந்து அரித்துக்கொண்டிருந்தது. கார்த்திகை மழைக்குள் அடைக்காவிட்டால் கரை போய்விடும், கரை போனால் அத்தனை பயிரும் போகும். மனு மேல் மனு போட்டார்கள். இன்ஜினீயர் வந்து கரைமேல் நின்று பார்த்தார். கரைமேல் நின்றால் தண்ணீரும் கொக்கும்தான் தெரியும். கரை நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார்.

மந்திரி வந்தார். கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் நின்று படமெடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார். முதல் படிவரிசை முடிவதற்குள் ஆசை தணிந்தது. கீழே கல்யாண மகால் எதிரில் நிற்கவைத்தோம். நான்கு பேர் மாலை போட்டார்கள். ஒருவரை எடுத்து ஒருவரை விட்டால் கட்சி உடையும் என்று காதில் சொன்னார்கள். ராவ் கொடுத்தனுப்பிய மூன்று சுருளில் இரண்டு மாலைகளுக்கே போயிற்று. மந்திரி பயணியர் விடுதியில் காலை நீட்டிப் படுத்தார். ஏரிக்கு வரமுடியாது, நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

குணவதி அசரவில்லை. "அவர் ஏரிக்கு வராட்டி ஏரியை அவர்கிட்ட கொண்டுபோவோம். மெட்ராஸ்ல படத்தைப் பார்ப்பாரில்ல? வாங்க, எடுத்துட்டு வந்துடலாம்."

என் பையில் மூன்றாவது சுருள் இருந்தது. அது மந்திரி காரில் ஏறிக் கைகாட்டிப் புறப்படுவதற்கு. புறப்பாடு இல்லாமல் படத்தை எப்படி முடிப்பது? இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தச் சுருளைப் போடு என்பாள். போட்டால் புறப்பாடு இருக்காது. புறப்பாடு இல்லாவிட்டால் ராவ் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வெறும் கேமராவோடு காரில் ஏறினேன்.

ஊரே கரைமேல் நின்றது. சவரிமுத்து அந்த ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. களத்தில் அதற்கொரு பங்கு நெல் கிடைக்கும். அதுதான் பிழைப்பு. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. தண்ணீரில் இறங்கப் போகிறவர், யாரிடமோ சீப்பு வாங்கித் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது, முழுவப் போறவன் தலைய சீவிக்கினு போற?" என்றாள் அவர் மனைவி ஞானம்மா. கரை முழுக்கச் சிரிப்பு.

"படத்துல வுழறேன்ல. மந்திரி பாப்பாரு."

"மந்திரி உன் மூஞ்சியவா பாக்கப் போறாரு? ஓட்டைய காட்டு, போ."

இறங்கினார். கழுத்தளவுத் தண்ணீரில் மதகுக் கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கீழே ஓட்டைக்குள் விட்டார். தோள்வரை உள்ளே போயிற்று. "பாத்துக்குங்க சார், கை எம்மாந்தூரம் போவுதுன்னு! இழுக்குது உள்ள!" என்று கத்தினார். நான் கேமராவைக் கண்ணில் வைத்து ஓட்டினேன். நல்ல சத்தம். ஃபிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே சத்தம்.

"முகம் தெரிஞ்சுதா? அந்தப் பக்கம் திரும்பியிருந்தாரே" என்றாள் குணவதி.

தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். இல்லாத படத்தைச் சரியாக வந்தது என்று சொல்ல அந்த நிமிஷத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பொய்யிலும் ஒரு யோக்கியதை பார்க்கிற ஜாதி நான். "இன்னொரு தரம் பார்க்கலாம்" என்றேன். சவரிமுத்து இரண்டாம் முறை இறங்கி, இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, கையை விட்டுக் காட்டினார்.

மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

மேகம் விலகி வெயில் சாய்வாக விழுந்தது. ஈரமான முதுகு, கறுத்த கல், பின்னால் தண்ணீர் தகடு மாதிரி. தொழிலில் பத்து வருஷத்தில் ஒருமுறை கிடைக்கிற வெளிச்சம். கையில் இருப்பது வெறும் கேமரா என்பதே எனக்கு மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று எழுதுகிறேன். பையில் ஒரு சுருள் இருந்ததையும் சேர்த்தா மறந்தேன்? "இன்னும் ஒரே ஒரு தரம். கொஞ்சம் இடது பக்கமா. கொஞ்சம் ஆழமா" என்றேன்.

ஞானம்மா கரையிலிருந்து இறங்கி வந்தாள். "வோணாம் சார். கைய பாரு, தோலு உரிஞ்சி ரத்தம் வருது."

"நீ சும்மா இரு," என்றார் சவரிமுத்து. "சார் கேக்கறாருன்னா காரணம் இருக்கும்."

இம்முறை தலையும் உள்ளே போயிற்று. தண்ணீர் மூடிக்கொண்டது. குணவதி என் தோளைப் பிடித்தாள். நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. குமிழிகள் எழுகிற இடத்தைக் கேமராவில் தெரியும் கட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். கல்லைப் பிடித்து எழும்பியபோது அவர் கையில் ஒரு பிடி களிமண் இருந்தது. அதை என் பக்கமாகத் தூக்கிக் காட்டினார்.

"இந்தா பாருங்க! கரையோட வயித்து மண்ணு சார் இது! உள்ள கொழகொழன்னு கீது!"

சாவி தீர்ந்து கேமரா நின்றது.

நான்கு மணிக்கு மந்திரி புறப்பட்டார். மூன்றாவது சுருளை மாட்டிக்கொண்டு நின்றேன். தூசிக்குப் பயந்து கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நூறடியும் அந்தக் கண்ணாடிக்குப் போயிற்று.

சென்னையில் சின்ன அறை ஒன்றில் மந்திரிக்குப் படம் போட்டுக் காட்டினோம். குணவதி அவர் பக்கத்து நாற்காலியில். கோட்டை வந்தது. மாலைகள் வந்தன. "இப்ப வரும் பாருங்க" என்று அவள் மெல்லச் சொன்னது பின்வரிசையில் எனக்குக் கேட்டது. கார்க் கண்ணாடி வந்தது. படம் முடிந்து விளக்கு எரிந்தது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "வெயில்ல அந்தச் சுருள் மட்டும் கெட்டுப்போச்சு" என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

மந்திரி நல்லவர். "அதனாலென்னம்மா, எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தாள். அது பழைய மனுக்களோடு போய்ச் சேர்ந்தது. கொடுத்தனுப்பிய மூன்று சுருளும் எதெதற்குப் போயின என்று ராவுக்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். "ரொம்ப நன்றி ஸார்."

குணவதி அந்த ஊருக்குப் போய்க் கூட்டம் கூட்டி, படம் வெயிலில் கெட்டுப்போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்னொரு நாள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் அல்லவா? அந்த நாளை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. போனால், கெட்டுப்போன சுருளைப் பற்றிக் கேட்பார்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மதகு இருந்த இடத்திலேயே கரை உடைந்தது. உயிர் போகவில்லை. கதிர் பிடிக்கிற பயிரெல்லாம் மணலுக்கு அடியில் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஊர்க்கூட்டம். சேற்றில் கார் போகாது என்று வல்லத்திலிருந்து மாட்டுவண்டியில் போனோம். வழியில் குணவதி சொன்னாள்:

"சவரிமுத்துவை நீர்க்கட்டி வேலையிலிருந்து எடுக்கப் போறாங்களாம். படத்துக்குக் காட்டறேன்னு மூணு தரம் எறங்கி, மண்ணைப் பறிச்சு, ஓட்டையை அவன்தான் பெரிசாக்கிட்டான்னு பேச்சு. படமும் வரல, ஏரியும் போச்சுன்னு கத்தறாங்க."

வண்டி கொஞ்ச தூரம் போயிற்று. "கேமராவுல ஃபிலிமே இல்ல" என்றேன்.

வண்டிக்காரர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. குணவதியும் திரும்பவில்லை.

"மந்திரிகிட்ட 'இப்ப வரும் பாருங்க'ன்னு சொன்னேனே. அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஊர்ல போய் வெயில்னு சொன்னேன்."

"அப்பவும் தெரியும்."

ஊர் கண்ணில் பட்டதும் சொன்னாள்: "நான் சொன்ன பொய்யை நான் திருப்பி வாங்கிக்கறேன். உங்களுதை நீங்க சொல்லுங்க."

உடைப்பின் ஓரத்தில் ஊர் உட்கார்ந்திருந்தது. சவரிமுத்து ஒதுங்கி நின்றார். மணியக்காரர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் எழுந்து சொல்லிவிட்டேன். கேமராவில் ஃபிலிம் இல்லை. வெயிலில் எதுவும் கெடவில்லை. மூன்றாம் முறை இறங்கச் சொன்னவன் நான். குற்றம் என்னுடையது, அவருடையது அல்ல.

பிறகு மணியக்காரர் கண் கலங்கிப்போய் எழுந்தார். "ஐயாவுக்கு இன்னா பெரிய மனசு பாருங்கப்பா. ஒரு ஏழைய காப்பாத்தறதுக்கு இவ்ளோ பெரிய பழிய தலைமேல போட்டுக்கறாரு."

"பழி இல்லீங்க, நிஜம்," என்றேன்.

"சத்தம் கேட்டிச்சே சாமி. காதால கேட்டமே."

கூடவே கொண்டுபோயிருந்த கேமராவைத் திறந்தேன். சாவி கொடுத்து ஓட்டினேன். உள்ளே பல்சக்கரம் வெறுமனே சுற்றுவதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். "இப்ப இல்ல, சரி. அன்னிக்கி இருந்திச்சில்ல?"

குணவதி எழுந்தாள். "அவர் சொல்றது உண்மை. நான் உங்ககிட்ட சொன்னதுதான் பொய்" என்றாள். அம்மாவும் புருஷனை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து பாரத்தைச் சுமக்கிறாள் என்று பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம். "நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ தூரம் சொல்றீங்க. சவரியே இருக்கட்டும், விட்டுடுங்கப்பா" என்று மணியக்காரர் முடித்தார். எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அதற்குக் கிடைத்தது பாராட்டு. அந்த ஊர் வோட்டு அடுத்த தேர்தலிலும் குணவதிக்கே விழுந்தது. முடிவு தெரிந்த அன்று அவள் என்னோடு பேசவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சவரிமுத்து என்னிடம் வந்தார். இரண்டடி தள்ளியே நின்றார். வலது கையில், முழங்கையிலிருந்து தோள்வரை, ஆறிய தழும்பு. அந்த ஊரில் என்னை நம்பியவர் அவர் ஒருவர்தான் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"மொதல் தரம், இழுக்குதுன்னு கத்தினேனே சார். அப்ப இல்லியா?"

"இல்லை."

"ரெண்டாந்தரம், மூஞ்சி தெரியலன்னு அம்மா சொன்னாங்களே. அப்ப?"

"அப்பவும் இல்லை."

மூன்றாவதை அவர் கேட்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் குனிந்து மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உடைப்பின் பக்கம் நடந்தார். கூப்பிடு தூரம்தான். பையில் ஒரு சுருள் இருந்ததை நானாகவும் சொல்லவில்லை.